கொச்சை என்று தீர்ப்பு எழுதியவர்கள் யார்? லோரென்சோ டவ் டர்னர் என்ற ஆங்கிலப் பேராசிரியரின் கதை

1922ஆம் ஆண்டு அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்திலிருந்து ‘தி பிளாக் பார்டர்’ என்றொரு புத்தகம் வெளிவந்தது. எழுதியவர் அம்புரோஸ் கொன்சாலெஸ். பண்ணையார் குடும்பத்தில் பிறந்தவர். ‘தி ஸ்டேட்’ என்ற நாளிதழை நிறுவியவர்களில் ஒருவர். அப்பகுதியின் கரையோரத் தீவுகளில் வாழ்ந்த கருப்பின மக்கள் பேசிய குல்லா மொழியில் கதைகளை எழுதி, கடைசியில் ஒரு சொற்பட்டியலையும் சேர்த்திருந்தார். அந்த மொழி உண்டான விதத்துக்கு அவர் தந்த விளக்கம் இதுதான்: ஆரம்ப காலத்தில் குடியேறிய வெள்ளை உழவர்களின் ஆங்கிலத்தைக் கருப்பர்கள் பிடித்துக்கொண்டார்கள், சோம்பல் பேச்சும் தடித்த உதடும் சப்பை மூக்கும் உள்ளவர்கள் என்பதால் அதைச் சிதைத்துவிட்டார்கள்.

பத்திரிகை முதலாளி ஒருவரின் வன்மம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பேராசிரியர் ஜார்ஜ் பிலிப் கிராப் உதட்டையும் மூக்கையும் இழுக்காமல், கண்ணியமான நடையில் ஏறக்குறைய அதே முடிவுக்குத்தான் வந்தார். கருப்பின மக்களின் பேச்சில் ஆப்பிரிக்கத் தடயம் எதுவும் இல்லை, இருப்பதெல்லாம் பழைய ஆங்கிலத்தின் மிச்சமே என்பது 1920களில் ஆங்கிலத் துறைகளின் பொதுக் கருத்து. அப்படியானால் அடிமைக் கப்பல்களில் ஏற்றப்பட்ட மனிதர்கள் பேசிய மொழிகள் எங்கே போயின? கடலிலேயே கரைந்துவிட்டன என்று பதில் சொன்னார்கள்.

இந்தப் பதிலைச் சான்றுகளோடு பொய்யாக்கியவர் லோரென்சோ டவ் டர்னர். ஆங்கிலம் கற்பித்தே பிழைத்தவர், கருப்பினத்தவர். 1946இல் அண்ணல் அம்பேத்கர் டுபாய்ஸுக்கு எழுதிய கடிதத்தை நாம் அறிவோம். 1972இல் மகாராட்டிர இளைஞர்கள் பிளாக் பாந்தர்களின் பெயரைத் தங்கள் இயக்கத்துக்குச் சூட்டிக்கொண்டதையும் அறிவோம். டர்னர் நம்மிடையே அதிகம் பேசப்படவில்லை. அவரைப் பேச வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

ஆங்கிலத் துறைக்கு வந்த வழி

டர்னர் 1890இல் வட கரோலினாவின் எலிசபெத் சிட்டியில் பிறந்தார். அடிமை முறை சட்டப்படி ஒழிந்து 25 ஆண்டுகளே ஆகியிருந்தன. தந்தை கல்வியின் மேல் பெருவிருப்பம் கொண்டவர். ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் முதுகலை வரை படித்தவர். டர்னரும் ஹோவர்டில் சேர்ந்தார். விடுமுறைகளில் உணவகப் பரிசாரகராகவும் ரயில் பெட்டிச் சிப்பந்தியாகவும் வேலை பார்த்து, பேஸ்பால் ஆடி, 1914இல் பட்டம் பெற்றார். 1917இல் ஹார்வர்டில் ஆங்கிலத்தில் முதுகலை. அதே ஆண்டு ஹோவர்டிலேயே ஆங்கில ஆசிரியர். சில ஆண்டுகளில் துறைத் தலைவர். 1926இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். 1865க்கு முந்தைய அமெரிக்க இலக்கியத்தில் அடிமை எதிர்ப்பு உணர்வு என்பது அவருடைய ஆய்வுப் பொருள்.

இவ்வளவு படித்த ஒருவருக்கு வேலை எங்கே கிடைக்கும்? நிறவெறி கோலோச்சிய அந்நாளில், ஹார்வர்டு பட்டம் வைத்திருந்தாலும் கருப்பின அறிஞருக்கு வெள்ளைப் பல்கலைக்கழகங்களின் ஆசிரியர் அறைக் கதவு திறக்காது. கருப்பினத்தவருக்கான கல்லூரிகளில்தான் வாழ்நாளை ஓட்ட வேண்டும். அங்கே வகுப்புச் சுமை அதிகம், ஆய்வுக்குப் பணம் குறைவு. 1928இல் டர்னர் ஹோவர்டை விட்டு வெளியேறி, சகோதரரோடு சேர்ந்து ‘வாஷிங்டன் சன்’ என்ற செய்தித்தாளை நடத்திப் பார்த்தார். ஓராண்டுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. 1929இல் நாஷ்வில்லின் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் மீண்டும் ஆங்கிலத் துறைக்கே வந்தார்.

அந்த ஆண்டுக் கோடையில் தென் கரோலினாவின் ஆரஞ்ச்பர்க் நகரில் இருந்த கருப்பினக் கல்லூரியில் விடுமுறைக்கால வகுப்பு எடுக்கப் போனார். அங்கே இரண்டு மாணவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது அவருடைய காதில் விழுந்தது. புரியவில்லை. பத்தாண்டுகளுக்கு மேல் ஆங்கிலம் கற்பித்த பேராசிரியருக்குத் தன் மாணவர்களின் பேச்சு விளங்கவில்லை. பாடம் நடத்துகிறவர் கையில் அதிகாரம் இருக்கிறது. ‘ஒழுங்காகப் பேசு’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். டர்னர் அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 39.

மீண்டும் மாணவர்

இலக்கியம் படித்தவருக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் கருவி கைவசம் இல்லை. எனவே மறுபடி மாணவரானார். 1930இல் அமெரிக்க மொழியியல் கழகம் நடத்திய கோடைப் பயிலரங்கில் சேர்ந்து ஒலியியலும் களஆய்வு முறைகளும் கற்றார். அந்தக் கழகத்தின் முதல் கருப்பின உறுப்பினர் அவர்தான். அமெரிக்க ஆங்கிலத்தின் வட்டார வழக்குகளை வரைபடமாக்கும் பெருந்திட்டத்தை அப்போது ஹான்ஸ் குராத் நடத்திக்கொண்டிருந்தார். அந்தத் திட்டத்தின் வினாப்பட்டியலை எடுத்துக்கொண்டு, ஒலிப்பதிவுக் கருவியையும் சுமந்துகொண்டு 1932இல் தீவுகளுக்குப் போனார்.

அந்தத் தீவுகளின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தென் கரோலினா, ஜார்ஜியா கரையோரச் சதுப்பு நிலம் நெல்லுக்கு ஏற்றது. வெள்ளைப் பண்ணையார்களுக்கு நெல் விவசாயம் தெரியாது. மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் விளையும் பகுதிகளிலிருந்து ஆட்களைப் பிடித்து வந்து விற்றார்கள். பண்ணையார் கொழுத்த செல்வத்துக்கு முதல் போட்டது அடிமைகளின் உழைப்பு மட்டுமில்லை, அவர்களுடைய வேளாண் அறிவும்தான். அந்த அறிவைப் பயன்படுத்திக்கொண்டவர்களே 1740இல் அடிமைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். மலேரியாக் காய்ச்சலுக்குப் பயந்து கோடை மாதங்களில் பண்ணையார்கள் உள்நாட்டு நகரங்களுக்குப் போய்விடுவார்கள். தீவுகளில் பெரும்பாலும் கருப்பின மக்கள் மட்டுமே இருந்தார்கள். பாலங்கள் வருவதற்கு முன்பு படகில்தான் போக வேண்டும். பல ஆப்பிரிக்க மொழிகளைப் பேசியவர்கள் ஆங்கிலச் சொற்களை எடுத்து, தங்கள் மொழிகளின் வார்ப்பில் ஊற்றிக் குல்லாவை உருவாக்கியது இப்படித்தான்.

எட்டிஸ்டோ, ஜான்ஸ், செயின்ட் ஹெலினா, சப்பேலோ, செயின்ட் சைமன்ஸ் என்று ஊர் ஊராகப் போய், முதியவர்களிடம் உட்கார்ந்து கதை, பாட்டு, வழிபாடு, அடிமைக்கால நினைவுகள் அனைத்தையும் டர்னர் பதிவு செய்தார். தோல் நிறம் ஒன்று என்பதற்காக அவர்கள் உடனே வாயைத் திறந்துவிடவில்லை. பட்டணத்திலிருந்து வந்த படித்தவர் அவர். குல்லாவைப் பேசினால் சிரிப்பார்கள் என்று அவர்களுக்கு அனுபவம் கற்றுக்கொடுத்திருந்தது. திரும்பத் திரும்பப் போய்த்தான் அவர்களின் நம்பிக்கையைப் பெற்றார்.

வெளியே ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர்

அந்த நம்பிக்கை கொடுத்த முதல் புதையல் பெயர்கள். குல்லா மக்களுக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. பள்ளியிலும் வெள்ளையரிடமும் சொல்வது ஆங்கிலப் பெயர். வீட்டிலும் உறவிலும் புழங்குவது இன்னொன்று. அதைக் ‘கூடைப் பெயர்’ என்பார்கள். அதற்கு முன்பு வந்த ஆய்வாளர்கள் வெளிப் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு, ஆப்பிரிக்கப் பெயர் எதுவும் மிஞ்சவில்லை என்று முடிவு கட்டினார்கள். வீட்டுப் பெயரைக் கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அவர்களிடம் யார் சொல்லியிருப்பார்கள்? டர்னர் ஏறத்தாழ 4,000 ஆப்பிரிக்க ஆட்பெயர்களைத் திரட்டினார். பிறந்த கிழமை, பிறந்தபோது இருந்த வானிலை, குடும்பத்தில் எத்தனையாவது பிள்ளை என்று ஆப்பிரிக்க வழக்கப்படி இட்ட பெயர்கள் நான்கைந்து தலைமுறை அடிமைத்தனத்தைத் தாண்டி வீட்டுக்குள் உயிரோடு இருந்தன.

பெயர் என்பது நமக்குச் சின்ன விஷயமில்லை. சூத்திரனுக்கு இடும் பெயர் இழிவைக் குறிக்க வேண்டும் என்று மனுஸ்மிருதி விதித்தது. நல்ல பெயர் வைத்தாலும் அதைச் சிதைத்துக் கூப்பிடும் ஆண்டைகளை நம் தாத்தாக்கள் பார்த்திருக்கிறார்கள். பதிவேட்டில் ஒன்று, ஊரார் வாயில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று பெயர்களோடு வாழ்ந்த கிழவர்கள் இன்னும் நம் சேரிகளில் இருக்கிறார்கள். டர்னரின் பெயர்ப் பட்டியலை நாங்கள் ஒரு மக்களின் சுயமரியாதைப் பதிவேடாகவே பார்க்கிறோம்.

‘தவறு’ என்று தெரிந்தவை

பதிவு செய்த சொற்களுக்கு மூலம் தேட ஆப்பிரிக்க மொழிகள் தெரிய வேண்டும். 1936-37இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் கீழைத்தேய, ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளிக்குப் போய் மேற்கு ஆப்பிரிக்க மொழிகளைப் படித்தார். அம்மொழிகளைத் தாய்மொழியாகப் பேசுபவர்களை உட்கார வைத்துச் சொல் சொல்லாகச் சரிபார்த்தார்.

ஓர் எடுத்துக்காட்டு. குல்லாவில் ‘டஃபா’ என்றால் கொழுப்பு. முந்தைய சேகரிப்பாளர்கள் இதை ‘டன் ஃபார் ஃபேட்’ என்று ஆங்கிலமாகக் காதில் வாங்கி, ‘ஆளே தீர்ந்துபோகும் அளவுக்குக் கொழுத்தவர்’ என்று வலிந்து பொருள் சொன்னார்கள். டர்னர் காட்டினார்: லைபீரியா, சியரா லியோன் பகுதிகளில் பேசப்படும் வை மொழியில் அதே சொல் அதே பொருளில் இருக்கிறது, ‘டா’ என்றால் வாய், ‘ஃபா’ என்றால் நிறைய. கேட்டவர்களின் அறியாமை பேசியவர்களின் அறியாமையாக இவ்வளவு காலம் அச்சில் இருந்திருக்கிறது.

இப்படியே நீள்கிறது பட்டியல். வேர்க்கடலையைக் குறிக்கும் ‘கூபர்’ அங்கோலாப் பகுதியின் கிம்பண்டு மொழியில் ‘ங்குபா’. வெண்டைக்காயைக் குறிக்கும் ‘கம்போ’வும் அந்தப் பக்கத்துச் சொல்தான். இவ்விரண்டு சொற்களும் அமெரிக்க வெள்ளையரின் சமையலறை வரை போய்விட்டன. வெள்ளைக்காரனைக் குறிக்கும் ‘பக்ரா’ இன்றைய நைஜீரியாவின் இபிபியோ, எஃபிக் மொழிகளிலிருந்து வந்தது. இலக்கணத்திலும் இதே கதைதான். குல்லாவில் அவன், அவள், அது மூன்றுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துவார்கள். ஆண் பெண் வேறுபாடுகூடத் தெரியாதவர்கள் என்று இதை வைத்துக் கேலி பேசினார்கள். யொரூபா, எவே போன்ற மேற்கு ஆப்பிரிக்க மொழிகளில் அந்த இடத்தில் பால் வேறுபாடு கிடையாது. அவர்கள் தங்கள் இலக்கணப்படி சரியாகப் பேசினார்கள். ஆங்கில இலக்கணப் புத்தகத்தை வைத்து மதிப்பெண் போட்டவர்களுக்கு அது தவறாகத் தெரிந்தது.

ஃபிரேசியர் எழுப்பிய கேள்வி

1940-41இல் டர்னர் பிரேசிலின் பஹியாவுக்குப் போனார். உடன் சென்றவர் சமூகவியலாளர் ஈ. பிராங்க்ளின் ஃபிரேசியர், பின்னாளில் அமெரிக்கச் சமூகவியல் கழகத்தின் முதல் கருப்பினத் தலைவர். சமூகவியல் படித்த நாங்கள் அவரை மதிப்போடு வாசித்தவர்கள். ஆனால் இந்தக் கேள்வியில் இருவரும் எதிரெதிர்த் திசையில் நின்றார்கள். அடிமை முறை ஆப்பிரிக்கப் பண்பாட்டை அடியோடு அழித்துவிட்டது என்பது ஃபிரேசியரின் நிலை. மானுடவியலாளர் மெல்வில் ஹெர்ஸ்கோவிட்ஸ் 1941இல் அதை மறுத்து நூல் எழுதியபோது டர்னரின் கண்டுபிடிப்புகளையும் சான்றாக எடுத்துக்கொண்டார்.

ஃபிரேசியரின் அச்சத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். ‘இவர்கள் வேறு மாதிரியானவர்கள், ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவர்கள்’ என்று சொன்னால், தனிப் பள்ளி, தனிப் பேருந்து இருக்கை, தனிக் குழாய் என்று பிரித்து வைத்திருப்பவன் அதையே நியாயமாக எடுத்துக்கொள்வான். சேரித் தமிழை எழுத்தில் கொண்டுவந்தால் நம்மை அங்கேயே நிறுத்திவிடுவார்கள் என்று நம்மில் மூத்தவர்கள் சிலர் சொல்வதும் இதே அச்சத்தில்தான். ஆனால் வேறுபாட்டை மறைத்தால் என்ன நடக்கிறது? குல்லாவுக்குத் தனி வரலாறு இல்லை என்றால் அது கெட்டுப்போன ஆங்கிலம் ஆகிவிடுகிறது. பேசுகிறவர்கள் கெட்டுப்போன மனிதர்கள் ஆகிவிடுகிறார்கள். கொன்சாலெஸின் உதடு, மூக்கு விளக்கத்துக்கு அதுதான் வாசல். சமமாக இருப்பதற்கு ஒன்றுபோல இருக்க வேண்டியதில்லை என்ற இடத்தில் டர்னரின் உழைப்பு நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறது என்றே நாங்கள் கருதுகிறோம்.

புத்தகம் வந்த பின்

1946இல் டர்னர் சிகாகோவின் ரூஸ்வெல்ட் கல்லூரிக்கு மாறினார். அந்தக் கல்லூரி பிறந்த கதையும் குறிப்பிடத்தக்கது. கருப்பின, யூத மாணவர்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைக்கும் முயற்சியை எதிர்த்து வெளியேறிய ஆசிரியர்கள் 1945இல் தொடங்கியது அது. அங்கே ‘கோட்டா’ என்றால் உள்ளே விடாமல் தடுக்கும் கம்பு என்பதைக் கவனிக்க வேண்டும்.

1949இல் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகம் அவருடைய ‘குல்லா வட்டார வழக்கில் ஆப்பிரிக்கக் கூறுகள்’ என்ற நூலை வெளியிட்டது. ஆரஞ்ச்பர்க் வகுப்பறைக்கும் இந்த நூலுக்கும் இடையே 20 ஆண்டுகள். பெயர்களைத் தவிர்த்து 300க்கும் மேற்பட்ட கடன்சொற்கள், ஒலியமைப்பு, சொல்லாக்கம், தொடரமைப்பு, குல்லா மக்களின் வாய்மொழிக் கதைகள் என எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி வைத்தார். கருப்பின ஆங்கிலத்தை ஒரு மொழியாகக் கருதி ஆராயும் துறை அந்த அடித்தளத்தின் மீதுதான் எழுந்தது. 1979இல் மிச்சிகனின் ஆன் ஆர்பர் நகரக் கருப்பினக் குழந்தைகள் தொடுத்த வழக்கில், அவர்களின் வீட்டு மொழியைக் கணக்கில் எடுக்காமல் வாசிக்கக் கற்பித்தது பள்ளி நிர்வாகத்தின் குறை என்று கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் நிபுணராக நின்றவர் ஜெனீவா ஸ்மிதர்மேன் என்ற கருப்பினப் பெண் மொழியியலாளர். டர்னர் அந்தத் தீர்ப்பைப் பார்க்கவில்லை. 1972 பிப்ரவரியில் காலமானார்.

ஆனால் நூலாலும் தீர்ப்பாலும் அவமானம் உடனே போய்விடுவதில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் ஜார்ஜியாவின் குல்லா ஊர் ஒன்றில் பிறந்தவர். அவருடைய அரசியலோடு நமக்கு உடன்பாடு இல்லை. நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் ஏன் கேள்வியே கேட்காமல் இருந்தார் என்பதற்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, சிறுவயதில் தன் பேச்சைக் கேலி செய்ததால் கேட்டுக்கொண்டே இருக்கப் பழகிவிட்டேன் என்பது. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்ற நாற்காலிவரை போயும் பள்ளிக்கூடக் கேலி கூடவே போயிருக்கிறது.

ஓர் ஒப்பாரியும் ஒரு நிலமும்

டர்னரின் ஒலிப்பதிவுகளில் ஒரு சிறு பாட்டு இருக்கிறது. 1930களின் தொடக்கத்தில் ஜார்ஜியாவின் ஹாரிஸ் நெக் ஊரில் அமெலியா டாலி என்ற பெண் பாடியது. தாய்வழியில் வந்த பாட்டு. பொருள் அவருக்குத் தெரியாது. சியரா லியோனின் மெண்டே மொழி அது என்று டர்னர் நூலில் பதிவு செய்தார். அரை நூற்றாண்டுக்குப் பிறகு ஜோசப் ஓபாலா, சிந்தியா ஷ்மிட், தாசிப் கொரோமா ஆகிய ஆய்வாளர்கள் அந்தப் பதிவை எடுத்துக்கொண்டு சியரா லியோன் கிராமங்களில் தேடினார்கள். செனகுன் ங்கோலா என்ற சிற்றூரில் பெண்டு ஜபாட்டி என்ற பெண்ணுக்கு அந்தப் பாட்டு தெரிந்திருந்தது. இறந்தவரை அடக்கம் செய்யும் சடங்கில் பெண்கள் பாடுவது. நம் வழக்கில் சொன்னால் ஒப்பாரி. அமெலியாவின் மகள் மேரி மோரனுக்கும் அம்மா பாடியது நினைவிருந்தது. 1997இல் மேரி குடும்பத்தோடு அந்த ஊருக்குப் போனார். இரண்டு கரைப் பெண்களும் ஒரே பாட்டைப் பாடினார்கள். 1998இல் இது ஆவணப்படமாகவும் வந்தது.

இந்தக் கதையை நெகிழ்ச்சியோடு முடித்துவிடுகிறவர்கள் ஹாரிஸ் நெக்கின் மறுபாதியைச் சொல்வதில்லை. விடுதலைக்குப் பின் கருப்பினக் குடும்பங்கள் தங்களுக்கென்று நிலம் வைத்து வாழ்ந்த ஊர் அது. 1942இல் போர்க்கால விமான தளம் வேண்டும் என்று அரசு சுமார் 2,700 ஏக்கரை எடுத்துக்கொண்டு அவர்களை வெளியேற்றியது. போர் முடிந்த பின்னும் நிலம் திரும்பவில்லை. 1962இல் அது வனவிலங்குப் புகலிடம் ஆனது. வாரிசுகள் திரும்பக் கேட்டுப் போராடியும் பயனில்லை. பாட்டின் மூலத்தை நிரூபித்துவிட்டார்கள். நிலத்தின் உரிமையைக் கேட்டால் சட்டம் பேசுகிறார்கள். 1892 முதல் வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் யார் யார் கையில் இருக்கின்றன என்று அறிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. மொழியை மீட்பது மட்டும் போதாது என்பதற்கு ஹாரிஸ் நெக் சாட்சி.

நமக்கான வேலை

பேச்சு வழக்கை உயர்ந்தோர் வழக்கு, இழிசனர் வழக்கு என்று பிரித்த மரபு நம்முடையது. 1992இல் பாமாவின் ‘கருக்கு’ வந்தபோது அதன் கதையைவிட அதன் மொழியைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் உண்டு. மாலைநேர வகுப்புகளில் நாங்கள் சந்திக்கும் குழந்தைகளில் பலர் வீட்டில் வாயாடிகள், பள்ளியில் ஊமைகள். ‘சேரி பாஷை பேசாதே’ என்று ஒருமுறை வகுப்பில் சொன்னால் போதும், அந்த ஆண்டு முழுக்க அந்தக் குழந்தை கையைத் தூக்காது. படிப்பை நிறுத்தும் பிள்ளைகளின் கணக்கில் இது எந்தக் கட்டத்திலும் பதிவாவதில்லை.

அந்தக் குழந்தைக்குப் பொதுத்தமிழும் வேண்டும், ஆங்கிலமும் வேண்டும். அதில் சமரசம் இல்லை. டர்னரே வாழ்நாள் முழுக்க ஆங்கிலம் கற்பித்தவர்தான். ஆனால் புதிய மொழியைக் கற்பிக்க வீட்டு மொழியை அவமதிக்க வேண்டியதில்லை என்பதை ஆசிரியர் பயிற்சியிலேயே சொல்லியாக வேண்டும்.

இன்னொரு வேலை நம் கையிலேயே இருக்கிறது. டர்னர் கனத்த கருவியைப் படகில் ஏற்றிக்கொண்டு போனார். நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. வயல் துண்டுகளுக்கு நம் பாட்டிகள் வழங்கும் பெயர்கள், பறையடிக்கும் முறைகளுக்கான சொற்கள், மாடு, தோல், நெல், மீன், மருந்து பற்றிய சொற்கள், நடவுப் பாட்டு, ஒப்பாரி, வீட்டுப் பெயர்கள் ஆகியவற்றை அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்துப் பதிவு செய்யுங்கள். திருத்தாதீர்கள். யார் சொன்னார், எந்த ஊர், எந்த நாள் என்று எழுதி வையுங்கள். நமக்குப் பொருள் புரியாத சொல் வந்தால் அதைத் தவறென்று நினைக்காமல் இரண்டு முறை கேளுங்கள். அமெலியா டாலிக்குத் தன் பாட்டின் பொருள் தெரியாது. டர்னர் அதை விட்டுவிடாமல் பதிவு செய்ததால்தான் அவருடைய மகள் தன் முன்னோரின் மொழியைப் பேசும் ஊரை நேரில் பார்க்க முடிந்தது.